வீட்டிலேயே குஞ்சு பொரிக்க: முட்டை வைப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவை

முதல் முறை நான் இன்குபேட்டரில், அதாவது முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் மெஷினில், வைத்தது 12 கோழி முட்டை. 21-ஆம் நாள் விடிவதற்கு முன்பே எழுந்து, மூடியின் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. 22-ஆம் நாளும் அப்படியே. 23-ஆம் நாள் மூன்று குஞ்சுகள் வெளியே வந்தன. இன்னும் நான்கு முட்டைகளில் ஓட்டில் சிறு துளை விழுந்ததோடு சரி. உள்ளே சவ்வு காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொண்டதால் அவை திரும்பக்கூட முடியாமல் இறந்துபோயின. மற்ற ஐந்தும் அசையவே இல்லை.

பிறகு உட்கார்ந்து காரணம் தேடினேன். இரண்டு தவறுகள். மெஷினின் தெர்மாமீட்டர் ஒரு டிகிரிக்கு மேல் தப்பாகக் காட்டியிருக்கிறது, நான் அதைச் சோதிக்கவே இல்லை. கடைசி இரண்டு நாள் பதற்றத்தில் மூடியைத் திரும்பத் திரும்பத் திறந்திருக்கிறேன். இரண்டுமே எளிதாகத் தவிர்த்திருக்கக்கூடியவை. முதல் முறை முட்டை வைக்கப் போகிறீர்கள் என்றால், இதை முழுவதும் படித்துவிட்டு அப்புறம் முட்டை தேடப் போங்கள். பாதித் தோல்வி முட்டை உள்ளே போவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

1. அடைகோழியா, இன்குபேட்டரா என்று முடிவு செய்யுங்கள்

அடைக்கு உட்கார்ந்திருக்கும் கோழி கையில் இருந்தால், பத்துப் பன்னிரண்டு முட்டைக்கு அதைவிட நல்ல மெஷின் கிடையாது. சூடு, ஈரம், திருப்புவது, பிறகு குஞ்சு வளர்ப்பது எல்லாம் அதன் பொறுப்பு. நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எல்லா முட்டையையும் ஒரே நாளில், இருட்டிய பிறகு அதன் அடியில் வையுங்கள். மற்ற கோழிகள் அதே கூட்டில் வந்து புதிதாக முட்டை இடாமல் தனி இடத்தில் வையுங்கள். தினம் ஒரு முறை அது எழுந்து தின்று, குடித்து, எச்சம் போட்டுவிட்டு வரும். கால் மணி, அரை மணி நேரம் முட்டை ஆறினால் கெட்டுவிடாது.

ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் கோழி அடைக்கு உட்காராது. காடைக்கும் மெஷின் இல்லாமல் முடியாது, வளர்ப்புக் காடை அநேகமாக அடைகாப்பதே இல்லை. அதனால் இனி வருவதெல்லாம் மெஷின் வழி.

2. காலண்டரை எடுத்து நாள் குறியுங்கள்

கோழிக்கு 21 நாள். காடைக்கு 17 முதல் 18. வாத்துக்கும் வான்கோழிக்கும் 28. கினிக் கோழிக்கு 26 முதல் 28. மஸ்கோவி வாத்து மட்டும் 35 நாள் எடுத்துக்கொள்ளும்.

எண்ணுவதில்தான் பலர் தவறுகிறார்கள். முட்டை வைத்த நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் முடிந்த பிறகுதான் அது 1. வெள்ளிக்கிழமை மாலை வைத்தால், மூன்று வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமைதான் 21-ஆம் நாள். திருப்புவதை நிறுத்த வேண்டிய 18-ஆம் நாள் அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அந்தச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை வீட்டில் யாராவது இருப்பார்களா? இல்லையென்றால் வைக்கும் நாளைத் தள்ளிப் போடுங்கள். பொரிக்கிற வாரத்தில் ஊருக்குப் போகிற திட்டம் இருந்தால் இப்போது வைக்கவே வைக்காதீர்கள்.

இன்னொன்று. இன்று ஆறு, நான்கு நாள் கழித்து ஆறு என்று ஒரே மெஷினில் தவணை முறையில் வைக்காதீர்கள். கடைசி மூன்று நாளுக்கு வேண்டிய ஈரம் வேறு, அதற்கு முன்பு வேண்டிய ஈரம் வேறு. ஒரு கூட்டத்துக்குச் சரியானது இன்னொன்றைக் கெடுக்கும். கோழி முட்டையையும் காடை முட்டையையும் சேர்த்து வைப்பதிலும் இதே சிக்கல்தான்.

3. செலவையும் அனுமதியையும் முன்கூட்டியே பாருங்கள்

இன்குபேட்டர் வாங்குவதோடு செலவு முடிந்தது என்று நினைக்காதீர்கள். தனியாக ஒரு நல்ல தெர்மாமீட்டர், ஒரு ஈரப்பதமானி, முட்டை பார்க்கப் பிரகாசமான டார்ச், கிராம் கணக்கில் எடை காட்டும் சிறிய தராசு, இவை எல்லாம் வேண்டும். குஞ்சு வந்த பிறகு சூட்டு விளக்கு, பெட்டி, தீவனம், தடுப்பூசி. ஐந்து ஆறு வாரம் சூடு தர வேண்டியிருப்பதால் மின்சாரச் செலவும் மெஷினைவிடக் குஞ்சுக்குத்தான் அதிகம் ஆகும். கையில் இருக்கும் பணத்தை முழுவதும் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பெரிய மெஷினும் சோதிக்காத தெர்மாமீட்டரும் இருப்பதைவிட, சின்ன மெஷினும் நம்பகமான தெர்மாமீட்டரும் இருப்பது எவ்வளவோ மேல்.

மெஷினில் காற்றாடி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். காற்றாடி இருந்தால் உள்ளே எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே சூடு இருக்கும். அது இல்லாத மெஷினில் மேலே ஒரு சூடு, கீழே ஒரு சூடு. புதிதாகத் தொடங்குபவருக்கு அது வீண் தலைவலி. பெட்டியும் பல்பும் வைத்து வீட்டிலேயே செய்துகொள்பவர்கள் உண்டு. செய்யலாம், ஆனால் சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் செய்யாதீர்கள், எரியும் பல்பு தெர்மோகோலைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் இரவும் பகலும் எரியப் போகிற விளக்கு அது.

அப்புறம் சேவல் விஷயம். பொரிக்கும் குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். அவற்றை என்ன செய்யப் போகிறீர்கள்? நீங்கள் இருக்கும் இடத்தில் கோழி வளர்க்க, குறிப்பாகச் சேவல் வளர்க்க, உள்ளாட்சி அனுமதி உண்டா? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம், அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்க விதி, இரண்டையும் பாருங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்கி வையுங்கள். கால்நடை மருத்துவரிடமும் முட்டை வைக்கும் முன்பே பேசிவிடுங்கள். கோழிகளுக்கு வரும் மாரெக் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி பொரித்த முதல் நாளே போடக்கூடியது. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கான மருந்து இருக்கும் என்பதால், பொரித்த அன்று போய்க் கேட்டால் பத்துக் குஞ்சுக்குக் கிடைக்காமல் போகலாம்.

4. தெர்மாமீட்டரைச் சோதியுங்கள்

எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

காற்றாடி உள்ள மெஷினில் வேண்டிய வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ். காற்றாடி இல்லாததில், முட்டையின் மேற்பரப்பு உயரத்தில் அளந்தால் 38.3 முதல் 38.8 வரை. ஒரு டிகிரி குறைந்து தொடர்ந்து ஓடினால் குஞ்சு தாமதமாகவும் பலவீனமாகவும் வரும். ஒரு டிகிரி கூடுவது அதைவிட மோசம். 40 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் பெரும்பாலான கரு செத்துவிடும்.

மெஷின் திரையில் தெரியும் எண்ணை வைத்து இதை உறுதி செய்ய முடியாது. எல்லா வீட்டிலும் இருக்கும் காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இங்கே கைகொடுக்கும். அது நமக்கு வேண்டிய 37, 38 டிகிரிப் பகுதியில் துல்லியமாகக் காட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. வாய் அகன்ற பிளாஸ்க்கில் விரல் விட்டால் இதமாக இருக்கும் சூட்டில், 38 டிகிரியை ஒட்டித் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டரின் நுனியையும், இன்குபேட்டருக்காக நீங்கள் வாங்கிய ஒயர் வைத்த தெர்மாமீட்டரின் நுனியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து அதில் விடுங்கள். மெதுவாகக் கலக்கிக்கொண்டே இரண்டு நிமிடம் பொறுங்கள். இரண்டு எண்ணையும் எழுதுங்கள். காய்ச்சல் தெர்மாமீட்டர் 37.8, மற்றது 38.2 என்றால், அது 0.4 கூட்டிக் காட்டுகிறது. ஒரு ஸ்டிக்கரில் "0.4 கழிக்கவும்" என்று எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள். தண்ணீர் ஆற ஆற, காய்ச்சல் தெர்மாமீட்டரை ஒவ்வொரு முறையும் அணைத்து மறுபடி போட்டு, இன்னும் இரண்டு முறை பாருங்கள். வித்தியாசம் ஒரே அளவில் நின்றால் அந்தக் கருவியை நம்பலாம்.

பிறகு அந்த நுனியை மெஷினுக்குள், முட்டை இருக்கும் உயரத்தில் வையுங்கள். திரை என்ன சொல்கிறது, இது என்ன சொல்கிறது? என் மெஷின் திரையில் 37.5 என்று இருந்தபோது உள்ளே உண்மையில் இருந்தது 36.2. அந்த 1.3 டிகிரிதான் என் முதல் 12 முட்டைகளைத் தாமதப்படுத்தியது.

ஈரப்பதமானிக்கும் ஒரு சோதனை உண்டு. ஒரு பாட்டில் மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல்போல் ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். கரைந்துவிடக் கூடாது. அதையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் மூடி வையுங்கள். சுமார் 12 மணி நேரம் கழித்து அது 75 சதவீதம் காட்ட வேண்டும். 70 காட்டினால் 5 குறைத்துக் காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் முடிந்ததும், முட்டை இல்லாமல் மெஷினை முழுதாக ஒரு நாள் ஓட விடுங்கள். நேர் வெயில் படாத, ஜன்னல் காற்றும் மின்விசிறியும் அடிக்காத அறையில் வைப்பது முக்கியம். இரவில் குளிர்ந்து பகலில் கொதிக்கும் அறையில் நல்ல மெஷினும் திணறும்.

5. முட்டையைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் சாப்பிட வாங்கும் பண்ணை முட்டை பொதுவாகப் பொரிக்காது. அந்தப் பண்ணைகளில் சேவலே கிடையாது. சேவலோடு திரியும் கோழிகளின் முட்டைதான் வேண்டும். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் கரு நன்றாகக் கூடும். புதிதாகச் சேவல் விட்டிருந்தால் ஒரு வாரம் பத்து நாள் கழித்துச் சேரும் முட்டையை எடுங்கள்.

வாங்கும்போது ஒவ்வொரு முட்டைக்கும் "என்று இட்டது?" என்று கேளுங்கள். ஏழு நாளுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் நாளாக நாளாகப் பொரிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். தேதி சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள்.

நடுத்தர அளவு, சரியான வடிவம், சுத்தமான ஓடு. அளவுக்கு மீறிப் பெரியதில் இரண்டு மஞ்சள் கரு இருக்கலாம், அது பொரிப்பது மிக அரிது. டார்ச் அடித்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல்கூடத் தெரிந்துவிடும், அதை ஒதுக்குங்கள். எச்சம் அப்பிய முட்டையைக் கழுவி வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். ஓட்டின் மேல் இயற்கையாக ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. கழுவினால் அது போய், ஓட்டின் நுண்துளை வழியே கிருமி உள்ளே இறங்கும். லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சேர்த்து வைக்கும்போது கூர்முனை கீழே இருக்கட்டும். வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வையுங்கள், 13 முதல் 16 டிகிரி என்றால் மிகவும் நல்லது. ஃபிரிட்ஜ் அதைவிடக் குளிர்ச்சி, கரு தாங்காது. தூரத்திலிருந்து வந்த முட்டையென்றால் 12 முதல் 24 மணி நேரம் கூர்முனை கீழாக அப்படியே விட்டு வையுங்கள். வண்டியில் குலுங்கியதில் கலைந்த காற்றறை, அதாவது முட்டையின் அகன்ற முனையில் காற்று நிற்கும் இடம், அப்போதுதான் நிலைக்கும். குளிர்ந்த முட்டையை நேராக மெஷினில் வைத்தால் ஓடு வேர்த்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு வையுங்கள்.

6. நோட்டு போடுங்கள், முட்டையை வையுங்கள்

பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் எண் எழுதுங்கள். ஒரு பக்கம் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம். பேனா, மார்க்கர் மை வேண்டாம். ஒவ்வொரு முட்டையையும் எடை போட்டு நோட்டில் எழுதுங்கள்: எண், இட்ட தேதி, வைத்த தேதி, மணி, எடை. பிறகு தினமும் காலை மாலை வெப்பம், ஈரம், திருப்பிய நேரம். கடைசியில் எதனால் கெட்டது என்று தேடும்போது இந்த நோட்டு ஒன்றுதான் உங்களுக்கு உண்மையைச் சொல்லும். நான் முதல் முறை எதையும் எழுதவில்லை. அதனால் சில முட்டைகள் ஏன் கெட்டன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

குளிர்ந்த முட்டைகளை வைத்ததும் வெப்பம் இறங்கும். பயந்துபோய் செட்டிங்கைக் கூட்டாதீர்கள். சில மணி நேரத்தில் தானாக ஏறிவிடும். கூட்டி வைத்துவிட்டு மறந்தால்தான் ஆபத்து.

7. முதல் 18 நாள்: திருப்புவதும் ஈரமும்

முட்டையைத் திருப்பாமல் விட்டால் மஞ்சள் கருவோடு மேலே மிதக்கும் கரு ஓட்டுச் சவ்வில் ஒட்டிக்கொண்டு சாகும். தானாகத் திருப்பும் மெஷின் என்றால், உண்மையில் திருப்புகிறதா என்று காலையிலும் மாலையிலும் குறியைப் பாருங்கள். கையால் என்றால் நாளுக்கு மூன்று அல்லது ஐந்து முறை. ஒற்றைப்படையாக இருந்தால், நீண்ட இரவில் ஒரு நாள் பெருக்கல் குறி மேலே, மறுநாள் வட்டம் மேலே என்று மாறி மாறி வரும். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள்.

ஈரம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருந்தால் சரி. ஆனால் ஈரப்பதமானியைவிட முட்டையின் எடைதான் நல்ல சாட்சி. அடையில் இருக்கும் முட்டை ஓட்டு வழியாகத் தண்ணீரை இழந்துகொண்டே இருக்கும். அப்படி இழந்தால்தான் காற்றறை பெரிதாகி, குஞ்சு கடைசியில் மூச்சுவிட இடம் கிடைக்கும். 18-ஆம் நாளில் மொத்த எடையில் 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். 50 கிராம் முட்டை என்றால் சுமார் 6 கிராம். அப்படியென்றால் முதல் வாரம் முடியும்போது 2 கிராமுக்குக் கொஞ்சம் மேல் குறைந்திருக்கும். ஒரு கிராம்தான் குறைந்தது என்றால் ஈரம் அதிகம், தண்ணீரைக் குறையுங்கள். நான்கு கிராம் குறைந்துவிட்டால் தண்ணீரைக் கூட்டுங்கள். இரண்டாம் முறை நான் இதைத்தான் பின்பற்றினேன். மழைக்காலத்தில் ஒரு வாரம் முழுக்கத் தண்ணீரே ஊற்றாமல் ஓட்ட வேண்டியிருந்தது.

காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள். கருவும் மூச்சு விடுகிறது.

கரண்ட் போனால்? மூடியைத் திறக்காதீர்கள். மெஷினைச் சுற்றிப் போர்வை போடுங்கள், காற்றுத் துளையை மட்டும் விட்டுவிடுங்கள். நீண்ட நேரம் வராது என்றால் வெந்நீர் பாட்டில்களைப் பக்கத்தில் வையுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும். கடைசி வாரத்தில் அதற்கே உடம்புச் சூடு உண்டு. பத்து மணி நேரம் போய்விட்டது, எல்லாம் முடிந்தது என்று தூக்கி எறியாதீர்கள். மூன்று நான்கு நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

8. ஏழாம் நாள்: டார்ச் அடித்துப் பாருங்கள்

அறையை நன்றாக இருட்டாக்குங்கள். அட்டையில் முட்டையைவிடச் சின்ன ஓட்டை போட்டு டார்ச்சின் மேல் வைத்து, அதன்மேல் முட்டையின் அகன்ற முனையை வையுங்கள். உயிருள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் கிளம்பும் சிவப்பு நரம்புகளும் சிலந்தி வலைபோலத் தெரியும். முட்டையை அசைக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்தப் புள்ளி மெல்ல ஆடும். நான் முதன்முதலில் அதைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த இருட்டில் யாரும் பேசவில்லை.

உள்ளே எதுவுமே இல்லாமல் மஞ்சளாக ஒளிர்ந்தால் கரு கூடாத கூமுட்டை. நரம்புகள் இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் இருந்தால், கரு கூடி ஆரம்பத்திலேயே இறந்துவிட்டது. இரண்டையும் எடுத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் கேள்விக்குறி போட்டு வைத்து 14-ஆம் நாள் மறுபடி பாருங்கள். பழுப்பு ஓட்டிலும் புள்ளி போட்ட காடை முட்டையிலும் ஏழாம் நாளில் தெளிவாகத் தெரியாது, அவசரப்பட வேண்டாம். ஆனால் நாற்றம் வந்தாலோ, ஓட்டில் ஏதாவது கசிந்தாலோ அன்றே வெளியே எடுங்கள். அழுகிய முட்டை உள்ளே வெடித்தால் மற்ற எல்லாவற்றுக்கும் கிருமி பரவும்.

தினம் தினம் எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். 7, 14, 18 ஆகிய மூன்று நாள் போதும்.

9. பதினெட்டாம் நாள்: கடைசியாக ஒருமுறை திறப்பது

இன்றோடு திருப்புவதை நிறுத்துங்கள். மற்ற பறவைகளுக்கும் பொரிக்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பு இதே வேலை. குஞ்சு தலையைக் காற்றறைப் பக்கம் கொண்டுவந்து கொத்தத் தயாராகிறது, இனி நாம் உருட்டக் கூடாது.

கடைசியாக டார்ச் பாருங்கள். காற்றறையைத் தவிர மற்ற இடம் முழுவதும் இருட்டாக இருந்தால் குஞ்சு நிறைந்திருக்கிறது. திருப்பும் தட்டை வெளியே எடுங்கள். அடியில் சொரசொரப்பான விரிப்பு, வழுக்காத ரப்பர் வலையோ சணல் துணியோ போடுங்கள். வழுக்கும் தரையில் குஞ்சு எழுந்தால் இரண்டு காலும் அகன்றுபோய் நிற்க முடியாமல் ஆகிவிடும். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஈரத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குக் கொண்டுவாருங்கள். காற்றுத் துளைகளை முழுதாகத் திறந்து விடுங்கள். பிறகு தண்ணீர் குறைந்தால் மூடியைத் திறக்காமல் ஊற்ற, துளை வழியாக ஒரு மெல்லிய குழாயை இப்போதே விட்டு வையுங்கள்.

மூடியை மூடுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இனி யார் கேட்டாலும் திறப்பதில்லை என்று.

10. பொரிக்கும் நாள்: கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்

முதலில் முட்டை லேசாக ஆடும். உள்ளிருந்து கீச்சென்று சத்தம் வரும். குஞ்சு காற்றறைச் சவ்வைக் கிழித்து முதல் மூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம். அப்புறம் ஓட்டில் நட்சத்திரம்போல் ஒரு சின்ன விரிசல்.

இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறோம். விரிசல் விழுந்தபின் குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம்கூட ஆகும். நடுவில் பல மணி நேரம் ஒன்றுமே செய்யாது. செத்துவிட்டதோ என்று தோன்றும். அந்த நேரத்தில்தான் சவ்விலிருக்கும் ரத்தத்தையும் மீதி மஞ்சள் கருவையும் அது உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. அப்போது நீங்கள் ஓட்டை உடைத்தால் ரத்தம் ஒழுகும், தொப்புள் மூடாமல் இருக்கும், பெரும்பாலும் பிழைக்காது. மூடியைத் திறந்து பார்த்தாலும் கேடுதான். ஈரக் காற்று ஒரு நொடியில் வெளியேறும், விரிசல் விழுந்த முட்டைகளில் சவ்வு காய்ந்து தோல்போல இறுகும். என் நான்கு குஞ்சுகளும் அப்படித்தான் போயின.

தயாரானதும் குஞ்சு உள்ளேயே சுழன்று ஓட்டைச் சுற்றி வெட்டிக்கொண்டு, காலால் உதைத்து வெளியே வரும். நனைந்து, களைத்து, கழுத்து தொங்கக் கிடக்கும். பயப்படாதீர்கள். மற்ற முட்டைகள் மேல் விழுந்து உருட்டினாலும் பரவாயில்லை. உள்ளிழுத்த மஞ்சள் கரு இரண்டு நாளைக்குத் தீனிக்கும் தண்ணீருக்கும் போதும். உடம்பு காய்ந்து பஞ்சுபோல் ஆகும்வரை விடுங்கள். பாதிக்கு மேல் பொரித்து, வேறு எதிலும் விரிசல் இல்லாத நேரம் பார்த்து, ஒரே முறை வேகமாகத் திறந்து காய்ந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது உதவலாம்? விரிசல் விழுந்து 24 மணி நேரம் தாண்டியும் முன்னேற்றமே இல்லை, சவ்வு பழுப்பாகக் காய்ந்திருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது என்றால் மட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து சவ்வை மட்டும் ஈரமாக்குங்கள், மூக்கில் தண்ணீர் போகக் கூடாது. ஓட்டில் ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பாருங்கள். துளி ரத்தம் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு மெஷினில் திரும்ப வையுங்கள்.

11. குஞ்சுகளுக்கான பெட்டி

இதை 18-ஆம் நாளே தயார் செய்து, 20-ஆம் நாள் விளக்கு போட்டுச் சோதித்துவிடுங்கள். முதல் வாரம் விளக்கின் கீழ் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறையுங்கள். குஞ்சுகள் எப்படிப் படுக்கின்றன என்று பார்த்தாலே சூடு புரிந்துவிடும். விளக்கின் அடியில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கத்தினால் குளிர். சுவர் ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு விட்டால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரியாக இருக்கிறது. விளக்கை ஒரு கம்பியை மட்டும் நம்பித் தொங்க விடாதீர்கள். இரண்டாவதாக ஒரு சங்கிலியும் வேண்டும். உமியிலோ மரத்தூளிலோ விழுந்தால் தீப்பிடிக்கும்.

முதலில் தண்ணீர், பிறகு தீனி. ஒவ்வொரு குஞ்சின் மூக்கையும் தண்ணீரில் லேசாகத் தொட்டுக் காட்டுங்கள். தண்ணீர்த் தட்டு ஆழமில்லாமல் இருக்கட்டும், உள்ளே கூழாங்கல் போடுங்கள். காடைக் குஞ்சு ஒரு விரல் ஆழத் தண்ணீரில்கூட மூழ்கிவிடும். தீனிக்குக் குஞ்சுகளுக்கான ஸ்டார்ட்டர் தீவனம். செய்தித்தாளை மட்டும் விரிக்காதீர்கள், அது வழுக்கும். முதல் வாரம் பின்பக்கத்தில் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டால் போதும், இழுக்காதீர்கள். குஞ்சைத் தொட்ட ஒவ்வொரு முறையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகளையும் கழுவச் சொல்லுங்கள். ஆரோக்கியமாகத் தெரியும் குஞ்சிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம்.

12. பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பாருங்கள்

கோழி முட்டைக்கு 23-ஆம் நாள் முடியும்வரை காத்திருங்கள். பிறகு டார்ச் அடித்து, உயிர் இல்லை என்று உறுதியான முட்டைகளைக் கையுறை போட்டுக்கொண்டு வெளியே எடுத்துப் போய் ஒவ்வொன்றாக உடையுங்கள். மனசுக்குக் கஷ்டமான வேலைதான். இருந்தாலும் செய்யுங்கள்.

ஆரம்ப நாளிலேயே இறந்திருந்தால் பழைய முட்டை, குலுங்கிய முட்டை, அல்லது முதல் வாரத்தில் வெப்பம் ஏறி இறங்கியது என்று பொருள். குஞ்சு முழுதாக வளர்ந்து, வீங்கி, உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தால் ஈரம் அதிகம். துளை போட்டுவிட்டுச் சவ்வு ஒட்டி இறந்திருந்தால் கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை, அல்லது மூடியைத் திறந்திருக்கிறீர்கள். பொரித்த குஞ்சுகள் ஒரு நாள் முன்கூட்டியே, தொப்புள் சரியாக மூடாமல் வந்திருந்தால் சூடு அதிகம். என்னுடையதைப்போல இரண்டு நாள் தள்ளி வந்திருந்தால் சூடு குறைவு. நோட்டில் அந்த முட்டையின் எண்ணுக்கு நேராக எழுதுங்கள்.

அன்றே மெஷினைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் கழுவி, கிருமிநாசினி போட்டுத் துடைத்து, நன்றாகக் காய வைத்து மூடுங்கள். மின்பாகங்களில் மட்டும் தண்ணீர் படக் கூடாது. காற்றாடியின் இறகுகளில் குஞ்சின் பஞ்சு ஒட்டியிருக்கும், பழைய பல்துலக்கும் பிரஷால் எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை முட்டை வைப்பதற்கு முன் பிளாஸ்க், வெதுவெதுப்பான தண்ணீர், காய்ச்சல் தெர்மாமீட்டர் மூன்றையும் எடுத்து மறுபடி ஒருமுறை சோதியுங்கள். போன முறை சரியாகக் காட்டிய கருவி இந்த முறையும் சரியாகவே காட்டும் என்று நான் இப்போதும் நம்புவதில்லை.